வளைவுக்குப் பிறகு ஒன்பது பக்கங்கள்

உ

பாப்பா,

நாளைக் காலை உன் அப்பா ஆவடியில் ரயில் ஏறி, இந்தக் கடிதத்தையும் பழைய நீல அட்டை நோட்டையும் உன் விடுதி வாசலில் உன் கையில் கொடுப்பார். முதலில் கடிதத்தைப் படி, நோட்டைப் பிறகு திற. யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நீ கடைசிப் பக்கத்துக்குத் தாவிவிடுவாய். உன் வைவாவுக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. அதற்குள் உனக்குத் தெரிந்தாக வேண்டிய விஷயம் ஒன்று என்னிடம் ஒன்றரை வருஷமாக இருக்கிறது. உன் ஆராய்ச்சியின் நான்காம் அத்தியாயத்தில், வளைவைத் தாண்டிய பிறகும் துளிகளின் வேகம் குறையவில்லை என்று எழுதியிருக்கிறாய். அதற்கு ஆதாரமான எண்களை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அதில் ஒன்பது பக்கம் நான் பார்த்து எழுதியது இல்லை. நானாக எழுதியது.

போனில் சொல்லிவிடலாம் என்று மூன்று முறை கூப்பிட்டேன். முதல் முறை, "அம்மா, ஸ்லைடு பண்ணிட்டிருக்கேன்மா, சாயங்காலம் பேசட்டுமா?" என்றாய். இரண்டாவது முறை சாப்பாட்டு வரிசையில் நின்றுகொண்டிருந்தாய். மூன்றாவது முறை நீயே நேரம் ஒதுக்கி, "சொல்லும்மா, என்ன குரலே சரியில்ல?" என்று கேட்டாய். நான், "ஒண்ணுமில்ல, மாவு அரைச்சு அசதி" என்று சொல்லி வைத்துவிட்டேன். அசதி என்றது பொய்யில்லை. ஆனால் மாவு அரைத்ததால் வந்த அசதி இல்லை அது.

எப்படி ஆரம்பித்தது என்று உனக்கே தெரியும், இருந்தாலும் என் பக்கத்திலிருந்து ஒரு தடவை சொல்கிறேன். அம்பத்தூர் எஸ்டேட் ரோட்டில் பள்ளத்தில் வண்டியை விட்டு வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டு வந்தாயே, அந்த ஐப்பசி மழை. ஆறு வாரம் மாவுக்கட்டு. கையைத் தூளியில் போட்டுக்கொண்டு, இடது தோளில் கம்ப்யூட்டர் பையோடு சேக்காட்டு வீட்டுக்கு வந்து இறங்கியபோது உன் முகத்தில் வலியைவிடக் கவலைதான் தெரிந்தது. மூன்றாம் நாள் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு வீடியோ போட்டுக் காட்டினாய். கண்ணாடி மாதிரித் தெளிவான ரப்பர் சில்லு, அதற்குள் தலைமுடி அகலத்தில் ஒரு வாய்க்கால், வாய்க்காலில் ஓடுகிற எண்ணெய்க்குள் ஒன்றன்பின் ஒன்றாகத் தண்ணீர்த் துளிகள். நொடிக்கு ஆயிரம் படம் எடுக்கும் கேமராவை மைக்ராஸ்கோப் மேல் பொருத்தி எடுத்தது என்றாய். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் துளி எவ்வளவு நகர்ந்தது என்று அளந்தால் வேகம் வந்துவிடும். கம்ப்யூட்டரே அளந்துவிடும், ஆனால் சில இடங்களில் அது ஏமாந்துபோகும் என்றாய்.

எனக்குப் புரியவில்லை என்று நீ நினைத்தாய். எனக்கு நன்றாகவே புரிந்தது. அண்ணனூர் கேட்டில் கூட்ஸ் வண்டி போகும்போது நீ சின்னவளாக இருக்கையில் பெட்டி எண்ணச் சொல்லி என் உயிரை எடுப்பாய். ஒரு தும்மல் போட்டால் போதும், எண்ணின பெட்டி எது, எண்ணாத பெட்டி எது என்று தெரியாது. எல்லாம் ஒரே பழுப்பு, ஒரே நீளம். உன் துளிகளும் அப்படித்தான். ஒன்றுபோலவே இன்னொன்று. கேமரா கண் சிமிட்டும் நேரத்தில் துளி அதிக தூரம் போய்விட்டால், பின்னால் வருவதை முன்னால் போனது என்று கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளும். அதனால்தான் மனுஷக் கண் ஒன்று உட்கார்ந்து, படம் படமாக, துளியின் முன் விளிம்பு எந்தப் புள்ளியில் இருக்கிறது, பின் விளிம்பு எந்தப் புள்ளியில் இருக்கிறது என்று குறித்துத் தர வேண்டும்.

அந்தக் கண் யாருடையது என்பதில்தான் சிக்கல். நீயே குறித்தால், என்ன வர வேண்டும் என்று உனக்குத் தெரியும், அதனால் அறியாமலே அந்தப் பக்கம் சாய்ந்துவிடுவாய் என்று உன் கைடு சொல்லியிருந்தார். "முடிவு என்னன்னே தெரியாத ஆளா இருக்கணும்மா" என்றாய். காபி குடித்துக்கொண்டிருந்த உன் அப்பா, "அதுக்கு உங்கம்மாவ விட்டா ஆளே கிடையாது. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து எது கேட்டாலும் எனக்கு ஒண்ணும் தெரியாதுங்கன்னுதான் சொல்லிக்கிட்டிருக்கா" என்றார். நீ சிரித்த சிரிப்பில் மாவுக்கட்டு மேஜையில் இடித்து, வலியில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அன்றைக்கு எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். பேப்பர் படித்து இங்கிலீஷ் எழுத்துக் கூட்டினவள். கேஸ் மாட்டின நாள், தண்ணீர் லாரி வந்த நேரம், உன் அப்பாவின் சர்க்கரை என்று எதையும் விடாமல் எழுதி வைக்கிற என் பழக்கத்தைப் பார்த்து ஊரே சிரிக்கும். அந்தப் பழக்கம் உன் படிப்புக்கு வேண்டியதாகிவிட்டது.

மத்தியானம் சமையல் முடித்து, பாத்திரம் கழுவிவிட்டு இரண்டு மணிக்கு உட்காருவேன். நீல அட்டை நோட்டில் நீ கோடு போட்டுக் கொடுத்த கட்டங்கள். ஒவ்வொரு புதுப் பக்கத்திலும் தலையில் ஒரு பிள்ளையார் சுழி. நீகூட, "ஒவ்வொரு பக்கத்துக்குமா? முதல் பக்கத்துக்குப் போட்டா போதாதா?" என்று கேலி செய்தாய். எனக்கு அப்படித்தான் கை வரும். முதல் பதினெட்டுப் பக்கமும் வளைவில்லாத நேர் வாய்க்கால். அதை நான் எழுதின விதத்துக்கு யார் முன்னாலும் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்வேன். ஒரு படத்துக்குத் துளி நகர்வது பதினொரு புள்ளி, சில சமயம் பத்து, சில சமயம் பன்னிரண்டு. சந்தேகம் வந்தால் இரண்டு தடவை பார்ப்பேன். நீயும் சரிபார்த்துவிட்டு, "மெஷின் தோத்துடும்மா உன்கிட்ட" என்றாய்.

பத்தொன்பதாம் பக்கத்தில் வளைவு வந்தது. வாய்க்கால் திரும்புகிற இடத்திலும் அதைத் தாண்டியும் சுவரின் பளபளப்பு துளியின் மேல் விழுந்து, விளிம்பு எங்கே என்று தெரியாது. கம்ப்யூட்டர் அந்த இடத்தை வெறுமனே விட்டுவிட்டது. நீ எனக்குத் தெளிவாகத்தான் சொன்னாய். "தெரியலைன்னா கட்டத்தைக் காலியா விட்டுடும்மா. ஒரு சின்னக் கோடு போடு, போதும். காலியா இருக்கறதும் ஒரு பதில்தான்." எனக்குத் தெரியவில்லை. முதல் நாள் ஏழு கட்டம் கோடு போட்டேன். மறுநாள் பன்னிரண்டு. பளபளப்பு உன் படத்தில் மட்டும் இல்லை. என் வலது கண்ணிலும் ஒரு பால் திரை விழுந்து, வெளிச்சமெல்லாம் சிதறிக்கொண்டிருந்தது. அதை உன்னிடம் சொல்லியிருந்தால் வேலையை என்னிடமிருந்து வாங்கியிருப்பாய். கையொடிந்து கிடக்கிற பிள்ளையிடம் எனக்குக் கண்ணும் போச்சு என்று சொல்வதா என்று நினைத்தேன். அது பாதிக் காரணம். மறுபாதியை மறைத்தால் இந்தக் கடிதத்துக்கே அர்த்தமில்லை. அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்க எனக்கு மனசில்லை.

மூன்றாம் நாள், கோடு போட்ட கட்டங்களைப் பார்த்து நீ உதட்டைக் கடித்தாய். எண்கள் சீராக வரும்போதெல்லாம் உன் முகம் மலர்வதை அதுவரை பதினெட்டுப் பக்கம் பார்த்திருக்கிறேனே. என்ன வர வேண்டும் என்று யாரும் சொல்லாமலே எனக்குத் தெரிந்துபோயிற்று. அன்று மத்தியானம், மறுபடி பார்க்கிறேன் என்று உன்னிடம் சொல்லி, கோடு போட்ட தாளைக் கிழித்துவிட்டு, புதுத் தாளின் முதல் கட்டத்தில் பதினொன்று என்று எழுதினேன். நேர் வாய்க்கால் முழுக்கப் பதினொன்று, இங்கே மட்டும் வேறென்னவா இருக்கப்போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நடுநடுவே சந்தேகம் வராதபடி ஒரு பத்தும் ஒரு பன்னிரண்டும் போட்டேன். பாப்பா, தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க முடியாத இடம் அதுதான். தெரியாதவள் பதினொன்று மட்டும்தான் எழுதுவாள். பத்தும் பன்னிரண்டும் கலந்தவள் தெரிந்து செய்தவள்.

ஒன்பது பக்கம். நீ அவற்றை இடது கையால் ஒவ்வொரு எண்ணாகத் தட்டி ஏற்றினாய். ஏற்றி முடித்ததும் வேகத்தைக் கோடாக வரைந்து காட்டியது கம்ப்யூட்டர். "அம்மா! வளைவுக்கு அப்புறமும் வேகம் அப்படியே இருக்கும்மா! யாரும் இத கையால அளந்து பார்த்ததே இல்லம்மா!" என்று மாவுக்கட்டோடு என் கழுத்தைக் கட்டிக்கொண்டாய். கட்டின் ஓரம் என் காதில் கீறியது. அந்தக் கீறல் ஆற நாலு நாள் ஆயிற்று. அந்த நாலு நாளுக்குள் சொல்லியிருக்கலாம். ஐந்தாம் நாள் நீ உன் கைடுக்கு மெயில் அனுப்பிவிட்டாய்.

இது என் முதல் தடவை இல்லை என்பது உனக்கு ஞாபகம் இருக்கும். நாலாம் வகுப்பில் அவரைச் செடி வளர்த்துப் பதினைந்து நாள் உயரம் எழுதிவரச் சொன்னார்கள். ஒன்பதாம் நாள் எலி கடித்துச் செடி செத்துப்போனது. நீ அழுதுகொண்டே தூங்கிப்போனாய். காலியாகக் கிடந்த ஆறு கட்டம் என் கண்ணை உறுத்தியது. பள்ளிக்கூடத்தில் பிள்ளையைத் திட்டுவார்களே என்று, ஒரு நாளைக்கு அரை அங்குலம் வீதம் நானே வளர்த்துவிட்டேன். டீச்சர் நட்சத்திரம் ஒட்டி அதைச் சுவரில் மாட்டினாள். பெருமையாக உன்னைக் கூப்பிடப் போனால் நீ பையை மாட்டிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாய். பேருந்து நிறுத்தத்தில் வைத்துத்தான் கேட்டாய்: "செடி செத்துப்போச்சேம்மா. செத்த செடி எப்படிம்மா வளரும்?" நான், "வாய மூடிட்டு வாடி, பஸ் வருது" என்றேன். அந்த வருஷம் முழுக்க நீ அந்தச் சுவரைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டே வகுப்புக்குள் போவாய் என்று டீச்சர் பின்னால் சொன்னாள். ஒன்பது வயசில் நீ கேட்டதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

போன மாதம் அம்பத்தூரில் கண் பரிசோதனைக்குப் போனேன். உன் அப்பாவுக்குத் துணை போனவள், இருக்கட்டும் என்று நானும் உட்கார்ந்தேன். சோதித்த பெண் என் இடது கண்ணை மூடச் சொல்லி, "வாசிங்கம்மா" என்றாள். "எழுத்தே இல்லையேம்மா" என்றேன். "அஞ்சு வரி கீதும்மா அங்க. எத்தினி நாளா இப்டி?" "ஒண்ணரை வருஷம் இருக்கும்." "இவ்ளோ நாள் இன்னா பண்ணிகினு இருந்தீங்க?" கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன் என்று வாய்வரை வந்தது. உன் அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடமும் நான் சொன்னதில்லை.

புரை எடுத்தார்கள். உன்னிடம் சொல்ல வேண்டாம், படிப்பு கெடும் என்று நான்தான் தடுத்தேன். அதற்கும் சேர்த்து என்னைத் திட்டு. தினமும் நாலு வேளை மருந்துச் சொட்டு விடுவது உன் அப்பாவின் வேலை. "அண்ணாந்து பாரு. அசையாத." "கன்னத்துல விட்டுட்டீங்க." "நீ சிமிட்டினா நான் என்ன பண்றது? ரிட்டயர் ஆகுற வரைக்கும் மயிரிழை அளவு பார்த்த கை இதுடி." "ஃபேக்டரியில நீங்க பார்த்தது இரும்பு. அது சிமிட்டாது." இப்படித்தான் ஓடுகிறது எங்கள் பொழுது.

நீ உன் தீசிஸின் நன்றிப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினாயே, புதுக் கண்ணால் நான் வாசித்த முதல் பெரிய எழுத்து அதுதான். 'ஒவ்வொரு துளியையும் அளந்து தந்த என் அம்மாவுக்கு.' வாசித்துவிட்டு அடுக்களைக்குப் போய் அடுப்பைப் பற்றவைக்காமல் நின்றுகொண்டிருந்தேன். அன்று மத்தியானம் இரண்டு மணிக்கு, நீ இங்கே விட்டுப்போன பழைய கம்ப்யூட்டரில் அந்த வளைவு வீடியோவைத் திறந்தேன். பதினொன்றாகத்தான் இருக்கும், இருந்துவிட்டால் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை என்ற ஆசையோடுதான் திறந்தேன். சுவரின் பளபளப்பு அப்படியே இருந்தது. ஆனால் அதற்குள்ளே விளிம்பு மெல்லிய இழை மாதிரித் தெரிந்தது. பதினொன்று. பத்து. எட்டு. ஏழு. வளைவைத் தாண்டியதும் துளி தயங்குகிறது, பாப்பா. பின்பக்கம் முன்பக்கத்தை நெருக்கிக்கொண்டு வந்து, அது குண்டாகி, மூச்சுவாங்குகிற மாதிரி நின்று, பிறகு நீண்டு பழைய வேகத்துக்கு வருகிறது. முப்பது படம் பார்த்தேன். அடுத்த துளியும் அப்படித்தான். அதற்கடுத்ததும். ஒன்றரை வருஷமாக அது அங்கே தயங்கிக்கொண்டேதான் இருந்திருக்கிறது. நான்தான் அதை ஓடவிட்டிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை திருமுல்லைவாயில் கோயிலுக்குப் போனேன். விளக்கேற்றிவிட்டுக் கைகூப்பினால் என்ன கேட்பது என்று தெரியவில்லை. யாரும் கண்டுபிடிக்கக் கூடாது என்றா? துளி தயங்காமல் போக வேண்டும் என்றா? எதைக் கேட்டாலும் கேட்கிறவளுக்கே வெட்கமாக இருந்தது. ஒன்றும் கேட்காமல் வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் சொன்னேன். அவருக்கு முதலில் கோபம்தான் வந்தது. "இப்ப சொல்லி என்ன ஆகப்போகுது? அவ வெளிநாட்டுக்கு டிக்கெட் போட்டாச்சு. அங்க வேலை ரெடியா இருக்கு. யாரு உக்காந்து நோட்டைப் பார்க்கப்போறான்?" கொஞ்ச நேரம் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தத்தைக் குறைத்தார். அளவு பார்க்கிற இடத்திலேயே காலம் முழுக்க வேலை பார்த்த மனுஷன். அளவில் நிற்காத ஒரு துண்டைக்கூட நான் பாஸ் பண்ணினதில்லை என்று உன்னிடம் எத்தனை முறை பீற்றிக்கொண்டிருக்கிறார். "எத்தனை பக்கம்?" என்று கேட்டார். ஒன்பது என்றேன். "எழுதிக் குடு. நானே கொண்டுபோறேன்" என்றார்.

அதனால் எழுதுகிறேன். எனக்கு ரொம்பக் களைப்பாக இருக்கிறது, பாப்பா. பொய்யைச் சுமப்பதுகூடப் பழகிவிடுகிறது. அது கீழே விழாமல் பார்த்துக்கொள்வதுதான் ஆளைத் தின்கிறது. உனக்குப் புத்தி சொல்ல எனக்கு இன்றைக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் தாய் என்பதால் ஒன்று மட்டும் சொல்கிறேன். நம் வீட்டில் காலிக் கட்டத்தைக் கண்டால் எல்லோருக்கும் கை பரபரக்கும். அது என்னிடமிருந்து வந்த நோய். நீ தூர தேசத்துக்குப் போய் ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது, எப்படி இருக்கே என்று கேட்பேன். நல்லா இருக்கேன்மா என்று அந்தக் கட்டத்தை நிரப்பாதே. அழுதிருந்தால் அழுதேன் என்று சொல். தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல். நானும் என் கண்ணை, காலை, மூச்சை மறைக்காமல் சொல்கிறேன். கோடு போட்டாலும் போதும் என்று சொன்னவள் நீதானே.

இனி உன் காரியம். உன் கைடிடம் எப்படிச் சொல்வது என்று நீ தவிக்க வேண்டாம். நானே வருகிறேன். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு அவர் எதிரில் உட்கார்ந்து, என் பிள்ளை காலியாக விடச் சொன்னாள், நான்தான் நிரப்பினேன் என்று என் வாயால் சொல்கிறேன். வைவா தள்ளிப்போகலாம். டிக்கெட் வீணாகலாம். அங்கே அந்த வேலை காத்திருக்காமல்கூடப் போகலாம். அதையெல்லாம் யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன், யோசிக்காமல் இல்லை. நன்றிப் பக்கத்தில் அந்த வரியை எடுத்துவிடு.

நான் இப்போது எடுத்த முப்பது படத்தின் எண்களை உனக்கு அனுப்பவில்லை. எட்டு, ஏழு என்று மேலே எழுதினதையும் எங்கேயும் சேர்க்காதே. என்ன வரும் என்று இப்போது எனக்குத் தெரியும். என் தப்பைத் தப்பு என்று காட்டுவதற்காகவே எனக்கு ஏழு தெரியலாம். முடிவு தெரியாத ஆள் ஒருத்தரைத் தேடிப் பிடித்து, வளைவு முழுவதையும் முதலிலிருந்து பார்க்கச் சொல். முதலில் அவர் கண்ணைச் சோதித்துக்கொள்.

எந்த ஒன்பது பக்கம் என்று தேடி நீ கஷ்டப்பட வேண்டாம். பத்தொன்பதிலிருந்து இருபத்தேழு வரை. என் பேச்சை நம்பாதே, நோட்டைத் திறந்து நீயே பார். அன்றைக்கு நீ எண்களைத் தட்டும்போது பக்கத்தின் தலையைப் பார்க்கவில்லை. பதினெட்டு வரைக்கும் பிள்ளையார் சுழி இருக்கும். இருபத்தெட்டிலிருந்து வேறொரு வீடியோவின் நேர் வாய்க்கால், அங்கே மறுபடியும் இருக்கும். நடுவில் ஒன்பது பக்கத்தில் மட்டும் இருக்காது. பேனாவை வைத்துப் பார்த்தேன், கை சுழியவில்லை.

இந்தக் கடிதத்தில் போட்டுவிட்டுத்தான் ஆரம்பித்தேன்.

அம்மா